சீட்டுப் பணத்தில் முதல் கேமிங் பிசி

பட்ஜெட்டில் பிசி வாங்கப் போகிற யாரிடம் பேசினாலும் "ஐ5-ஆ, ஐ7-ஆ" என்று ப்ராசசரைப் பற்றித்தான் முதல் கேள்வி வருகிறது. நான் மானிட்டரில் ஆரம்பித்தேன். அதுதான் சரியான வரிசை என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்வேன். எந்த ரெசல்யூஷனில் (திரையில் எத்தனை புள்ளிகள்) என்ன கேம் ஆடப்போகிறோம் என்பது முடிவானால் கிராபிக்ஸ் கார்டு முடிவாகும். கார்டு முடிவானால் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் முடிவாகும். ப்ராசசரின் முறை அதற்கப்புறம்தான்.

எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு டாகுமென்டேஷன் வேலை. 2024 தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா கட்டிவந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோம். தங்கையின் காலேஜ் ஃபீஸ் போக என் பங்குக்கு வந்தது 65,000 ரூபாய். "இம்மாம் துட்டு போட்டு வாங்குற, சீக்கிரம் பூடக் கூடாதுடா" என்றார் அம்மா. நியாயமான பேச்சு. இந்த பார்ட் எத்தனை வருஷம் நிற்கும், நாளைக்கு இதை மட்டும் மாற்ற முடியுமா என்ற கேள்வியோடுதான் ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

ஆட நினைத்தவை: நண்பர்களோடு வேலரண்ட், சின்ன வயதிலிருந்து வியாசர்பாடிப் பையன்களோடு கால்பந்து ஆடியவன் என்பதால் எஃப்சி, அப்புறம் ஜிடிஏ 5 மாதிரி கதையோடு ஓடும் பெரிய கேம்கள். இவற்றுக்கு 1080பி (1920×1080 புள்ளிகள்) போதும். 24 இன்ச், ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத திரை வகை), 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 முறை படம் மாறும்) மானிட்டர் 8,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 165 ஹெர்ட்ஸ் கேட்டால் இரண்டு மூவாயிரம் கூடும். 1440பி போனால் மானிட்டர் விலையோடு கார்டு விலையும் சேர்ந்து ஏறும். அந்தப் பணம் கார்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் ரிச்சி தெரு. மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு எல்லாம் சேர்த்துத்தான் நாம் ரிச்சி தெரு என்கிறோம். முதலில் வாங்குகிற எண்ணமே இல்லாமல் வெறும் கொட்டேஷன் மட்டும் வாங்கிவந்தேன். பல கடைகளில் நாம் பட்ஜெட்டைச் சொன்னதும் ஒரு காம்போ தயாராக வரும். ஐ7 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், கலர் கலராக விளக்கு எரியும் கேபினட் இருக்கும். கார்டு என்ன, எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி என்று கேட்டால்தான் அது பல தலைமுறை பழைய ஐ7 என்பதும், எஸ்எம்பிஎஸ் பெயர் தெரியாத பெட்டி என்பதும் தெரியவரும். அதனால் காம்போ விலையைக் கேட்காமல், ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி விலை எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தர மறுத்த கடைக்கு மறுபடி போகவில்லை.

அதிக நேரம் யோசித்தது கார்டைப் பற்றித்தான். செகண்ட் ஹேண்டில் ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 580 நிறையக் கிடைத்தது, விலையும் மனதை இழுத்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம், கார்டுகளை ஓடவிட்டு நாணயம் சம்பாதிக்கும் மைனிங் முறையைக் கைவிட்ட பிறகு, உலகம் முழுக்க மைனிங்கில் ஓடிய கார்டுகள் பழைய மார்க்கெட்டுக்குக் குவிந்தன. இராப்பகலாக ஓடிய கார்டு என்பதாலேயே அது கெட்டது என்று சொல்லிவிட முடியாது. ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றலாம். என் தயக்கத்துக்குக் காரணம் வேறு. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே இரண்டு கார்டுகள் உண்டு. 2017-ல் வந்த அசல் 580-ல் 2304 ஷேடர்கள் (படத்துக்கான கணக்கைப் போடும் சிறு அலகுகள்). 2048எஸ்பி என்று ஒரு வகை இருக்கிறது. அது ஏறக்குறைய ஒரு படி கீழே உள்ள ஆர்எக்ஸ் 570-தான். ஸ்டிக்கரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை பென்டிரைவில் போட்டு எடுத்துப்போய், கடையிலேயே கார்டை மாட்டி ஓட்டச் சொல்லி ஷேடர் எண்ணிக்கையைப் பார்த்தேன். 2048 என்று காட்டியது. கடைக்காரர் மறுத்துப் பேசவில்லை, விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். குறைந்தாலும் 580 வகைக்கு 185 வாட் வரை மின்சாரம் போகும், வாரண்டி கிடையாது. 2023 கடைசியில் ஏஎம்டி அந்தத் தலைமுறையைப் பிரதான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வரிசையிலிருந்தும் பிரித்துவிட்டது. அம்மா சொன்ன கணக்குக்கு அது ஒத்துவரவில்லை.

புதியதில் என் பட்ஜெட்டுக்கு மூன்று கார்டுகள் வந்து நின்றன. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி: 4 ஜிபி மெமரி, மதர்போர்டோடு பேச வெறும் நான்கு லேன் (தகவல் போகும் பாதை). அந்தப் பாதையின் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 உள்ள போர்டில் மாட்டினால் பல கேம்களில் நன்றாகவே அடிவாங்கும். ஆர்டிஎக்ஸ் 3050: இங்கேயும் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2022-ல் வந்தது 8 ஜிபி, 130 வாட். 2024-ல் வந்த 6 ஜிபி கார்டு 70 வாட்டில் ஓடும், தனியாக பவர் கேபிளே வேண்டாம், ஆனால் அதன் சிப்பும் சிறிது, மெமரி வழியும் குறுகல். மூன்றாவது ஆர்எக்ஸ் 6600: 8 ஜிபி, 132 வாட், இரண்டு 3050-களையும்விட வேகம். கேம் மட்டும்தான் என்றால் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைக் கற்றுக்கொள்ளும் தம்பி தங்கை யாராவது வீட்டில் இருந்தால் 3050-ஐச் செய்யும் என்விடியா பக்கம் போவதில் நியாயம் உண்டு. அந்த வேலைக்கு என்விடியாவின் கூடா (CUDA) வசதி பெரிய உதவி. எனக்கு அந்தத் தேவை இல்லை. 6600-ஐ 20,500 ரூபாய்க்கு எடுத்தேன். மொத்தப் பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

இனி எஸ்எம்பிஎஸ். பட்ஜெட் பிசியில் எல்லோரும் முதலில் கை வைத்துக் குறைக்கிற இடம் இதுதான், குறைக்கவே கூடாத இடமும் இதுதான். காம்போவில் காட்டிய ஒரு பெட்டியில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பக்கவாட்டு லேபிளைத் திருப்பிப் பார்த்தேன்: 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். கார்டும் ப்ராசசரும் தின்பது அந்த 12 வோல்ட் வழியைத்தான். கார்டுக்கு 132, ப்ராசசர் முழு வேகத்தில் 76, போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன் என்று கூட்டினால் அங்கேயே தாண்டிவிடும். கார்டுக்கு வேண்டிய 8 பின் கேபிளும் அதில் இல்லை. "கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் தம்பி" என்றார்கள். ஒல்லி ஒயரிலிருந்து அவ்வளவு கரண்டை இழுத்தால் பிளக் உருகும். வேண்டாம் என்று சொல்லி, 80 பிளஸ் வெண்கல (Bronze) முத்திரை உள்ள, பெயர் பெற்ற கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை 4,200 ரூபாய்க்கு எடுத்தேன். அந்த முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. அதனால் லேபிளில் ஆம்பியரையும், எத்தனை வருஷ வாரண்டி என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயத்தை நம் ஏரியாக்காரர்களுக்காகவே விரிவாக எழுதுகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும். மூன்றாவதற்கு ஒயர் இருக்காது. எங்கள் வீட்டில் சந்தேகம் வந்து, பிசி வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஹோல்டரில் பல்பு மாட்டி, ஒரு ஒயரை ஃபேஸிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தார். எரியவில்லை. "எர்த் ஒயரே இழுக்கல தம்பி, ரெண்டு ஒயர்தான் ஓடுது" என்றார். எர்த் இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் ஓடும்தான். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் கேபினட்டின் இரும்போடு இணைந்திருக்கும். எர்த் இல்லையென்றால் அந்த இரும்பு 230-ல் பாதி வோல்டேஜில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, தொட்டால் சுருசுருவென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஏதாவது பழுதாகி ஃபேஸ் நேராக இரும்பில் பட்டால், அது போவதற்கு நம் உடம்பைத் தவிர வேறு வழி இருக்காது. கொல்லையில் எர்த் ராடு அடித்து, பிசி வைக்கும் பிளக்குக்குத் தனி ஒயர் இழுத்தோம். கடலோரம் என்பதால் மண் ஈரமாக, உப்பாக இருக்கிறது. எர்த் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சாதாரண இரும்புக் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும். செம்பு பூசிய ராடு போடச் சொன்னார் எலக்ட்ரீஷியன் அண்ணன். ஹவுஸ் ஓனரிடம் கேட்டுக்கொண்டு செய்த வேலை, 3,500 ரூபாய் ஆனது. பிசிக்காகச் செலவழித்ததில் எனக்கு மிகவும் நிறைவான பணம் அதுதான். இப்போது வாஷிங் மெஷினும் அதே எர்த்தில்தான் ஓடுகிறது.

ப்ராசசரில் இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஐ3-12100எஃப் மலிவு, நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் அலகு). ரைசன் 5 5600-ல் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 32 எம்பி கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி), 10,500 ரூபாய். கேம் ஓடும்போது பின்னால் டிஸ்கார்டும் பிரவுசரும் ஓடும் என்பதால் ஆறு கோரையே எடுத்தேன். பெயரில் ஒரு ஜி சேர்ந்த 5600ஜி-யைக் கடைகளில் அதிகம் தள்ளுகிறார்கள். அதில் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, ஆனால் கேஷ் பாதி. கார்டு வாங்க இப்போது பணமில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்பவருக்கு அது நல்ல வழி. கையில் கார்டு இருப்பவருக்குத் தேவையில்லை.

போர்டு பி450, 5,400 ரூபாய். பி550-ல் பிசிஐஇ 4.0 வரும், ஆனால் இரண்டாயிரத்துக்கு மேல் கூடும். 6600-க்கு எட்டு லேன் இருப்பதால் 3.0-விலும் இழப்பு சொற்பம். பயாஸ் (போர்டிலேயே இருந்து பிசியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பழசாக இருந்தால் 5600-ஐப் போட்டதும் திரை கருப்பாகவே நிற்கும் என்பதால், கடையிலேயே புதுப்பித்துக் காட்டச் சொன்னேன். ராம் 16 ஜிபி, 3200 வேகம், 3,200 ரூபாய்; ஒரே 16 ஆக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு, டூயல் சேனலுக்காக (இரண்டு வழியில் ஒரே நேரத்தில் தகவல் போக). எஸ்எஸ்டி 1 டிபி, பிசிஐஇ வழியில் ஓடும் என்விஎம்இ வகை, 5,200. போர்டின் பிசிஐஇ-யே மூன்றாம் தலைமுறை என்பதால் நான்காம் தலைமுறை எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு தரவில்லை.

கேபினட்டுக்கு 3,000. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தவை பார்க்க அழகு, காற்று உள்ளே போகாது. முன்னால் மெஷ், கழற்றிக் கழுவுகிற தூசி வடிகட்டி, மூன்று ஃபேன் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். திருவொற்றியூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் போர்டில் படியும் படலம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் கிழக்கு ஜன்னலை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி மேசைமேல் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன்.

எல்லாம் சேர்த்து 60,000. எர்த்திங் போக மீதி இருந்த 1,500-ல் கீபோர்டும் மவுஸும். பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறோம் என்று சில கடைகளில் சொன்னார்கள். வாரண்டிக்குப் போய் நிற்கும்போது பில்தான் பேசும். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரையும் எழுதவைத்து, பெட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ப்ராசசர் சீல் உடையாத பாக்ஸ் பீஸ். பெட்டியில்லாத ட்ரே பீஸ் மலிவு, ஆனால் கூலரும் கம்பெனி வாரண்டியும் வராது.

கடையில் அசெம்பிள் செய்த தம்பி பக்கத்திலேயே உட்காரவிட்டார், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ஓட்டிப் பார்த்தபின் கார்டை மட்டும் கழற்றி அதன் பெட்டியில் வைத்துத் தரச் சொன்னேன். ஆட்டோவில் குலுங்கி வரும்போது கார்டின் எடை ஸ்லாட்டைப் பெயர்த்துவிடக் கூடும். வீட்டில் மாட்டியதும் மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும். 5600-ல் உள் கிராபிக்ஸ் இல்லாததால் போர்டின் எச்டிஎம்ஐ-யில் எதுவும் வராது. ராம் 2400-ல் ஓடிக்கொண்டிருந்தது, பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்கினால்தான் 3200-க்கு வரும். மானிட்டரும் 60 ஹெர்ட்ஸில்தான் நின்றது, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 100-க்கு மாற்றினேன். இந்த இரண்டும் தெரியாமல் வாங்கிய வேகத்தை அனுபவிக்காமலே இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் சொல்கிறேன்.

இப்போது என் அலுவலக நண்பன் ஒருவன் இதே பட்டியலை வைத்துக்கொண்டு தேடுகிறான். 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்காக மெமரி சிப்புகள் அந்தப் பக்கம் போனதில் ராம் விலை எகிறிவிட்டது. நான் 3,200-க்கு வாங்கியது இன்று இரண்டு மடங்கைத் தாண்டி நிற்கிறது, எஸ்எஸ்டியும் ஏறியிருக்கிறது. அவனிடம் சொன்னது இது: கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் புதிதாகவே வாங்கு, ராமை செகண்ட் ஹேண்டில் எடு. ராமில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டு ஒரு எரர்கூட வரவில்லையென்றால் நம்பி வைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியை 500 ஜிபி-யாகக் குறைத்துக்கொள், பிறகு சேர்க்கலாம். ஏஎம்டியின் புது ப்ராசசர்களுக்கான ஏஎம்5 போர்டு பக்கம் போகலாமா என்று கேட்டான். அதில் டிடிஆர்5 என்ற புது வகை ராம் மட்டும்தான் ஏறும், இன்றைய விலையில் 65,000-க்குள் அது அடங்காது. அவனும் என்னுடையதைப் போன்ற ஏஎம்4-லேயே போர்டு பார்த்துக்கொண்டிருக்கிறான்.