சனிக்கிழமை சனி தரிசனம்

டெலஸ்கோப்போடு எங்கள் வானியல் குழு கிளம்பினால் மழை வரும் என்பது ஜவ்வாது மலைப் பக்கத்து விவசாயிகளுக்கே தெரிந்துவிட்டது. "அடிக்கடி வாங்க சார், ஏரி ரொம்பட்டும்" என்று மனதார வாழ்த்துகிறார்கள். ஆனாலும் 2025 நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை வானம் தப்பித்தவறித் தெளிந்துவிட, ஊர்ப் பள்ளி மைதானத்தில் 8 அங்குலக் கண்ணாடி வைத்த டாப்சோனியன் டெலஸ்கோப்பை இறக்கினோம்.

"காவலூர் வானாய்வகத்து டெலஸ்கோப்புல இருக்கிற கண்ணாடி எவ்ளோ பெருசு?" என்றார் ஒருவர்.

"2.34 மீட்டர்."

"இது?"

"20 சென்டிமீட்டர்."

பாவமாகப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார்.

கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாவது வேண்டும். அதனால்தான் எங்கள் டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றியிருப்போம். கண் பழகி, கார்த்திகைக் கூட்டம் பளிச்சென்று தெரியத் தொடங்கிய நேரம், "நிகழ்ச்சி நடக்குது, ஒரு லைட்டு கூடப் போடலையே" என்று ஊர்ப் பெரியவர் ஃபோகஸ் லைட்டைப் போட்டுவிட்டார். நல்ல மனுஷர், என்ன சொல்ல? மறுபடி அரைமணி நேரம்.

அப்புறம் சனிக்குத் திருப்பினோம். வரிசையில் முதலில் நின்ற பாட்டி பின்வாங்கிவிட்டார். "சனீஸ்வரனை நேருக்கு நேர் நின்னு பாக்கக் கூடாதுப்பா. கோயில்லயே ஒதுங்கி நின்னுதான் கும்புடுவோம்."

எங்கள் குழுவில் கல்லூரிப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பயங்கரக் கெட்டிக்காரி. "நேரா இல்ல பாட்டி. வெளிச்சம் அடியில இருக்கிற கண்ணாடியில பட்டு மேல வரும். அங்க சாய்ச்சு வெச்ச குட்டிக் கண்ணாடி அதைப் பக்கவாட்டுல திருப்பிவிடும். நீங்க ஓரமா நின்னு பிம்பத்தைத்தான் பாக்கறீங்க." நியூட்டன் 1668-இல் இந்த அமைப்பைச் செய்தது பாட்டிக்காகவேதான் என்று தோன்றியது.

பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அந்தச் சமயம் வளையம் நமக்கு ஏறக்குறைய விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்ததால், எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்தினது போல ஒரு கோடுதான். "இத்தனூண்டு இருந்துகிட்டா இந்தப் பாடு படுத்தறாரு!"

அடுத்து பேரன். பாட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நீ மேஷ ராசி. ஏழரை நடக்குது, பாக்காத."

பின்னாலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார், "திருக்கணிதப் பஞ்சாங்கப்படிதான் சனி மீனத்துக்குப் போயிட்டாரு. வாக்கியப் பஞ்சாங்கப்படி இன்னும் கும்பம். மேஷத்துக்கு ஏழரை ஆரம்பிக்கவே இல்ல" என்றார். "எங்க வீட்ல திருக்கணிதம்தான்" என்று ஒரு குரல். சனி ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை வருடம் இருப்பார் என்பதில் மட்டும் ஒற்றுமை. 29 வருடத்துச் சொச்சத்தில் சூரியனைச் சுற்றும் கிரகம், கணக்கு சரிதான். கடைசியில் பஞ்சாயத்து எங்களிடம் வந்தது. நட்சத்திர வரைபடத்தில் அன்று சனி கும்பத்து எல்லைக்குள் இருந்தது. அதைச் சொன்னோம். பஞ்சாங்கத்துக்கும் அந்த எல்லைக்கோட்டுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்குவதற்குள் வாத்தியார் ஜெயித்துவிட்டார்.

பையன் ஓடிவந்து கண்ணை வைத்தான். "ஒண்ணுமே தெரியலண்ணா."

எங்கள் டெலஸ்கோப்புக்கு மோட்டார் கிடையாது. பூமி சுற்றச் சுற்ற, கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சண்டை மும்முரத்தில் யாரும் தள்ளவில்லை.

பாட்டி வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். "பெயர்ச்சி ஆயிட்டாரு பாத்தியா!"