கண்ணுல லைட்டும் அடிச்சு ஸ்டீராய்டு ஊசியும் எதுக்கு?

ரெட்டினா, அதாவது விழித்திரை கிளினிக்ல வேலை பாக்குறவங்க கிட்ட "லேசர் போட்டாச்சே, அப்புறம் ஊசி வேற எதுக்கு"ன்னு கேக்காத குடும்பமே இருக்காது. நியாயமான கேள்விதான்.

மொதல்ல, போட்டோடைனமிக் தெரபி, சுருக்கமா பிடிடி, இது கண்ணை சுடுற லேசர் இல்ல. கை நரம்புல வெர்ட்டிபோர்ஃபின்ங்கற மருந்தை 10 நிமிஷம் ஏத்துவாங்க, ஏத்த ஆரம்பிச்ச 15வது நிமிஷம் கண்ணு மேல ஒரு லென்ஸை வெச்சு 689 நானோமீட்டர் சிவப்பு லைட்டை 83 செகண்ட் அடிப்பாங்க, அவ்ளோதான். ரெட்டினாவுக்கு அடியில முளைச்சு கசியுற வேண்டாத ரத்தக்குழாய்ல அந்த மருந்து அதிகமா போய் சேந்திருக்கும், லைட் பட்டதும் குழாயோட உள்சுவர் கெட்டு ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கும்.

வில்லங்கம் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும். குழாய் அடைபட்டதும் அந்த இடத்துல வீக்கம் வரும், ஆக்சிஜன் பத்தாம திசு "புதுசா குழாய் அனுப்பு"ன்னு சிக்னல் விடும், அதாவது ரத்தக்குழாயை வளர வைக்கிற விஈஜிஎஃப்ங்கற புரதம் ஏறும், அடைச்ச குழாய் மறுபடி தொறந்துக்கும். அதனாலதான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக் பண்ணி, கசிவு இருந்தா திரும்ப போட்டுட்டே இருந்தாங்க. ஸ்டீராய்டு வந்தது இதை அடக்கத்தான். 2003ல ரிச்சர்ட் ஸ்பெய்டுங்கற ரெட்டினா டாக்டரும் கூட இருந்தவங்களும் பிடிடியோட 4 மில்லிகிராம் டிரையாம்சினலோன்ங்கற ஸ்டீராய்டை கண்ணுக்குள்ளயே போட்டுப் பாத்து எழுதுனாங்க. என்னைக் கேட்டா இதுல பெரிய லாபம், திரும்பத் திரும்ப பிடிடி போடுறது குறைஞ்சதுதான்.

டிரையாம்சினலோன் பால் மாதிரி வெள்ளையா இருக்கும், கரையாத துகள், அதனால ஊசி போட்டதும் கண்ணு முன்னாடி கருப்பா ஏதோ மிதக்குதுன்னு பயந்துடுவாங்க. அது மருந்தோட நிழல்தான், மருந்து கண்ணுக்குள்ள கீழ போய் படிஞ்சுக்கும். ஆனா வலி, சிவப்பு, பார்வை மங்கலா ஆகுறதுன்னா அன்னைக்கே ஓடுங்க, இன்ஃபெக்ஷனா இருக்கலாம்.

2006ல விஈஜிஎஃப்பை அடக்குற ரானிபிசுமாப்ங்கற ஊசி (ஆன்டி விஈஜிஎஃப்) வந்ததும் இந்த ஜோடியோட மவுசு போச்சு, ஏன்னா அது நிறைய பேருக்கு பார்வையை கூட்டியே குடுத்துச்சு. பிடிடி முழுசா போயிடல, இந்தக் குழாய் நுனி மொட்டு மாதிரி வீங்குற பாலிபாய்டல்ங்கற வகைக்கு இப்பவும் ஆன்டி விஈஜிஎஃப் ஊசியோட சேர்த்து போடுறாங்க. ரெட்டினாவுக்கு அடியில தண்ணி கோத்துக்குற சென்ட்ரல் சீரஸ்ங்கற நோய்க்கும் பிடிடி உண்டு, ஆனா அங்க ஸ்டீராய்டு பக்கமே போகக்கூடாது, அந்த நோயைக் கிளப்பி விடுறதே பல பேருக்கு ஸ்டீராய்டுதான், மாத்திரையா இருந்தாலும் சரி தோல் க்ரீமா இருந்தாலும் சரி. ஸோ ஒருத்தருக்கு போட்டாங்கன்னு நீங்களும் கேக்காதீங்க.

சுகரால ரெட்டினாவுல வர்ற வீக்கத்துலயும் டிரையாம்சினலோனும் லேசரும் (இது பிடிடி இல்ல, சுடுற லேசர்) சேர்த்து பாத்திருக்காங்க, ஏற்கனவே காட்டராக்ட் ஆபரேஷன் ஆனவங்களுக்கு ரானிபிசுமாப் அளவுக்கே பலன் வந்துச்சு. லென்ஸ் மாத்தாதவங்களுக்கு ஸ்டீராய்டே புரையை சீக்கிரம் கொண்டுவந்துடும்.

வெர்ட்டிபோர்ஃபின் ஏத்துனவங்க ஒரு 5 நாள் வெயில்ல போகாதீங்க, சன்ஸ்கிரீன் பூசிட்டு போலாம்னு நெனைக்காதீங்க, அது தடுக்குறது புற ஊதாவை, இந்த மருந்தைத் தூண்டுறதோ கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம், முழுக்கை சட்டை தொப்பி கருப்புக் கண்ணாடிதான் வழி. அதுக்காக ரூமை இருட்டாக்கவும் வேணாம், வீட்டு லைட்ல இருந்தா மருந்து சீக்கிரமா செயலிழக்கும். அப்புறம் ஸ்டீராய்டு ஊசி போட்டவங்க கண் பிரஷர் செக்கப்பை விடவே விடாதீங்க, பிரஷர் ஏறுறது பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது, சில வாரம் கழிச்சு கூட ஏறும், நிறைய பேருக்கு சொட்டு மருந்துலயே அடங்கிடும்.