போளையும் சீப்ரா மீன் முளையமும்: மூன்றாம் முயற்சி

சீப்ரா மீனின் முட்டைக்குள் முளையம் (கரு) வளர்வதை வீட்டிலேயே பார்க்க முயன்றேன். மூன்றாந்தரம்தான் சரிவந்தது. முதல்தரம் இட்ட முட்டையை மீன்களே தின்றுவிட்டன. அடுத்ததில் ஒரே கோப்பைக்குள் அளவுக்கு மீறிப் போட்டேன். செத்த முட்டைகளை எடுக்கப் பஞ்சிப்பட்டதால் எல்லாவற்றிலும் பூஞ்சணம். இம்முறை தொட்டியின் அடியில் அண்ணா மகன் விளையாடும் கண்ணாடிப் போளைகளைப் பரப்பினேன். இடுக்கில் விழும் முட்டைக்கு மீனின் வாய் எட்டாது. காலை வெளிச்சம் பட்டதும் முட்டை வந்துவிட்டது.

ஆய்வுகூடங்களில் இவற்றுக்கு 28.5 பாகை வெப்பம் வைப்பார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் அது இலவசம். என் அறையில் 29.

முட்டை வந்து முக்கால் மணித்தியாலத்தில் இரண்டு கலம். பிறகு கால்மணிக்கு ஒருதரம் இரட்டிப்பு. தேத்தண்ணி ஊற்றப் போனால் ஒரு சுற்று தவறிவிடும். மூன்று மணித்தியாலத்தில் ஆயிரம் அளவில், எல்லாம் ஒரே அச்சு. இது தசை, இது நரம்பு என்று பிரியும் கணத்தைப் பிடிக்கத்தான் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்திருந்தேன். பிடிபடவில்லை. எல்லாக் கலத்திலும் அதே மரபணுக்கள்தான். எது விழிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். மஞ்சட்கருவை ஒட்டிய விளிம்பிலிருந்து நோடல் என்ற புரதம் கசிகிறது. அது நிறையக் கிடைத்த கலங்கள் குடல் பக்கம் போகும், குறையக் கிடைத்தவை தசை, இரத்தம் ஆகும், எட்டாதவை தோலும் நரம்பும். இதை என் மலிவுக் கண்ணாடி எங்கே காட்டப்போகிறது!

ஆனால் ஆறு மணித்தியாலமளவில் விளிம்பின் ஒரு பக்கம் தடித்தது நன்றாகத் தெரிந்தது. ஆய்வாளர்கள் கேடயம் என்பது இதைத்தான். நியூட் என்ற வாலுள்ள ஈரூடகவாழியில் இதற்கு இணையான துண்டை வெட்டி இன்னொரு முளையத்தில் ஒட்டிய சோதனையை ஜெர்மன் உயிரியலாளர்கள் ஹில்டா மங்கோல்டும் ஹான்ஸ் ஸ்பேமானும் 1924இல் வெளியிட்டார்கள். ஒட்டிய இடத்தில் தலை-வால் வரிசையோடு இரண்டாவது உடல் அச்சு முளைத்தது. கொடுத்தது வெளிறிய இனம், வாங்கியது கறுத்த இனம். அதனால் புதிய நரம்புக்குழாயில் (மூளையும் முண்ணாணும் ஆகப்போகும் குழாய்) பெரும்பகுதி வாங்கியதன் கலங்களே என்று தெரிந்தது. வயிற்றுத் தோலாக வேண்டியவை, பக்கத்து வீட்டின் சொல் கேட்டு நரம்பாகிவிட்டன. 1935 நோபல் ஸ்பேமானுக்கு. மங்கோல்ட் 1924இலேயே இறந்துவிட்டார், பாவம்.

இரவு தூங்கிவிட்டேன். காலையில் கண், வால், துடிக்கும் இதயம், நாலைந்து கறுப்புப் புள்ளிகள். அந்த நிறக்கலங்கள் அங்கே பிறந்தவை அல்ல. முதுகில் நரம்புக்குழாயின் மேல்விளிம்பான நரம்பு முகட்டிலிருந்து நகர்ந்து வந்தவை. ஒரு புள்ளியை மணிக்கொரு தரம் வரைந்தேன். பின்னேரம் அதற்குக் கிளை விட்டிருந்தது. போனில் எடுத்த படங்கள் எல்லாம் மங்கல், வரைந்ததுதான் மிச்சம்.

இப்போது 51ஆம் மணி. மூன்று குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. தாடைக் குருத்தெலும்பும் அதே முகட்டின் பிள்ளைதான். நாளை தெரிகிறதா பார்க்க வேண்டும்.