விடிய ஐந்து மணிக்குப் போன பழைய பட்டியல்

ஒரு சனிக்கிழமை விடியக்காலை ஆறு மணிக்கு போன் அடித்தது. திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் படகு வைத்திருக்கும் அண்ணை. "தம்பி, கொழும்பில இருந்து ஒரு குடும்பம் கரையில வந்து நிக்குது, புக் பண்ணினதெண்டு போனைக் காட்டுறாங்கள், நீங்க அனுப்பின லிஸ்டில அப்படி ஒரு பேரே இல்லையே" என்றார். சின்னப் பிள்ளைகளோடு இரவு முழுக்க பஸ்ஸில் வந்தவர்கள். அண்ணை எப்படியோ இன்னொரு படகு பிடித்து அவர்களைப் புறாமலைத் தீவுக்கு அனுப்பிவிட்டார், ஆனால் எனக்கு அன்று காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

நாங்கள் மூன்று பேர், உப்புவெளியில் ஒரு வீட்டின் முன் அறைதான் அலுவலகம். படகுப் பயணங்களுக்கு முன்பதிவு செய்யும் ஒரு இணையச் செயலியைப் பைத்தன் மொழியில், ஜாங்கோ என்ற அதன் கட்டமைப்பில் எழுதி நடத்துகிறோம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். புறாமலைக்குப் போகிறவர்களும் திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களும் அப்போதுதான் வருவார்கள். செயலியோடு சேராமல் தனியாக ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், இருந்தது. தினமும் விடிய ஐந்து மணிக்கு ஓடி, அன்றைய பதிவுகளை எடுத்துப் படகுக்காரர்களுக்குக் குறுந்தகவலாக அனுப்பும். அதை நான் ஒரே பின்னேரத்தில் எழுதினேன். பதிவுகள் கிடக்கும் டேட்டாபேஸின் முகவரி, கடவுச்சொல், குறுந்தகவல் சேவையின் சாவி எல்லாவற்றையும் செயலியின் செட்டிங்ஸ் கோப்பிலிருந்து பார்த்து அப்படியே ஸ்கிரிப்டின் தலையில் தட்டிவிட்டேன். இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு சரிசெய்வோம் என்ற எண்ணம்.

அந்தப் புதன்கிழமை டேட்டாபேஸைப் புதிய சேர்வருக்கு மாற்றியிருந்தோம். செயலியில் முகவரியை மாற்றினோம், எல்லாம் ஓடியது. பழைய சேர்வரை ஒரு கிழமைக்கு அப்படியே விட்டுவைத்தோம், ஏதும் பிழைத்தால் திரும்பிப் போகலாம் என்று. ஸ்கிரிப்ட் அந்தப் பழைய சேர்வருக்கே போய், புதன்கிழமை வரை வந்த பதிவுகளை ஒழுங்காக எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. பழையதை நிறுத்தியிருந்தால் வியாழக்கிழமையே ஸ்கிரிப்ட் விழுந்திருக்கும், எங்களுக்கும் தெரிந்திருக்கும். பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் ஒரு பாதிப் பட்டியல் போனதுதான் எங்களைக் கெடுத்தது.

ஸ்கிரிப்டில் முகவரியை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் எங்களோடு வேலை செய்யும் தங்கச்சி, "அண்ணா, இதே பாஸ்வேர்ட் இன்னும் எத்தனை இடத்தில கிடக்கு?" என்று கேட்டாள். தேடினோம். நான்கு கோப்புகள். அதில் ஒன்றை நான் எழுதினேன் என்பதே எனக்கு நினைவில்லை.

சரி, எல்லா ஸ்கிரிப்டும் செயலியின் செட்டிங்ஸிலிருந்தே படிக்கட்டும் என்று முடிவெடுத்தோம். ஜாங்கோவில் இது கடினமில்லை. எந்த செட்டிங்ஸ் கோப்பு என்பதைச் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியிலிருந்து பெயரிட்டுக் கொடுக்கும் மதிப்பு) சொல்லி, ஜாங்கோவின் செட்அப் செயற்கூற்றை அழைத்த பிறகுதான் மொடல்களை (டேட்டாபேஸ் அட்டவணைகளைக் குறிக்கும் நிரல் பகுதிகள்) இம்போர்ட் செய்ய வேண்டும். முந்தினால் செயலியின் பகுதிகள் (அப்ஸ்) இன்னும் ஆயத்தமில்லை என்று விழும். ஜாங்கோ 1.7 பதிப்பிலிருந்து இப்படித்தான். அதைவிட நல்லது ஸ்கிரிப்டைச் செயலிக்குள்ளேயே ஒரு மெனேஜ்மென்ட் கமாண்டாக, அதாவது ஜாங்கோ வழியாகவே ஓடும் கட்டளையாக, எழுதுவது. கமாண்ட் தொடங்கும்போதே செட்டிங்ஸ் ஏறிவிடும், பாதை பற்றிய தலையிடி இல்லை. செயலி விழுந்தாலும் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும், அது தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் முன்பு பிடிவாதமாக இருந்தேன். அது பிழை. ஒரே டேட்டாபேஸை நம்பி ஓடும் இரண்டில் எதுவும் தனி இல்லை.

கமாண்டாக மாற்றிக் கையால் ஓட்டிப் பார்த்தேன், வேலை செய்தது. மறுநாள் விடிய ஐந்து மணிக்கு ஒன்றும் போகவில்லை. இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். கடவுச்சொற்களை ஒரு என்வ் கோப்பில், அதாவது சூழல் மாறிகளை வரிக்கு ஒன்றாக எழுதிய கோப்பில், வைத்திருந்தோம். இணையச் செயலியை, லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி தொடங்கும்போது அந்தக் கோப்பைப் படித்துக் கொடுக்கிறது. என் டெர்மினலில் நானே அவற்றை ஏற்றி வைத்திருந்தேன். ஸ்கிரிப்டை ஐந்து மணிக்கு ஓட்டுவதோ கிரான், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடக்கும் நிரல். அதற்கு இரண்டும் இல்லை. அது ஒரு வேலையைத் தொடங்கும்போது கொடுப்பது மிகக் குறைந்த சூழல், நம் ஷெல்லில் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) இருக்கும் எதுவும் அங்கே போகாது. போதாததற்கு செட்டிங்ஸ் கோப்பில், முகவரி கிடைக்காவிட்டால் லோக்கல்ஹோஸ்ட், அதாவது ஓடும் அதே கணினி, என்று நானே ஒரு மாற்று மதிப்பு எழுதியிருந்தேன். ஸ்கிரிப்ட் அங்கே போய்த் தட்டி, யாரும் திறக்காமல் செத்திருந்தது. கிரான் அந்தப் பிழைச்செய்தியை அனுப்பியது யாரும் திறந்து பார்க்காத ஒரு உள்ளூர் அஞ்சல்பெட்டிக்கு.

மாற்று மதிப்புகளை எல்லாம் அன்றே அழித்தேன். மாறி இல்லையென்றால் உடனே விழட்டும். கிரானை விட்டு சிஸ்டம்டி டைமருக்கு மாறினோம். செயலியும் ஸ்கிரிப்டும் இப்போது அதே என்வ் கோப்பை, அதே ஒரு வரியால் படிக்கின்றன.

நேரமும் இதில் சேர்ந்தது. சேர்வர் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், ஓடியது. இங்கே விடிய ஐந்து மணி என்றால் அங்கே முதல் நாள் இரவு 11.30. 'இன்று' என்று கேட்டால் நேற்றைத் தரும். அதற்காகப் பழைய ஸ்கிரிப்டில் ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டியிருந்தேன், அதுவும் ஒரு நகல்தானே. இந்த நாட்டில் 1996இல் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்குக் கொண்டு வந்தார்கள். பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்ட காலத்தைக் கண்ட நாங்கள் இப்படி எண்ணாக எழுதி வைக்கக் கூடாது. இப்போது செட்டிங்ஸில் ஏசியா/கொழும்பு என்று பெயராகத்தான் இருக்கிறது, ஸ்கிரிப்டும் அதையே கேட்கிறது.

எல்லாவற்றையும் பகிரவும் இல்லை. பட்டியல் அனுப்பும் ஸ்கிரிப்டுக்கு டேட்டாபேஸில் எழுதும் உரிமை தேவையில்லை, அதற்கு வாசிக்க மட்டும் முடிந்த தனிப் பயனர் கொடுத்தோம். முகவரி பொது, சாவி வேறு. அப்புறம் பேக்கப் எடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று. அது அதே என்வ் கோப்பை நேரடியாகப் படித்தபோது கடவுச்சொல்லில் இருந்த டாலர் குறியை ஷெல் ஒரு மாறி என்று எடுத்துக்கொண்டது. சிஸ்டம்டி அப்படிச் செய்யாது. ஒரே கோப்பை இரண்டு பேர் இரண்டு விதமாக வாசித்தால் அது ஒரே கோப்பு இல்லை. அதனால் பேக்கப்பையும் சிஸ்டம்டி வழியாகவே ஓட்டுகிறோம்.

இப்போது ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தொடங்கியதும் எந்த சேர்வர், எந்த டேட்டாபேஸ், எந்த நேரவலயம் என்று லாக்கில் ஒரு வரி எழுதும், கடவுச்சொல் இல்லாமல். பதிவு ஒன்றுமே இல்லாத நாளிலும் 'இன்று பதிவு 0' என்று ஒரு குறுந்தகவல் போகும். ஐந்து பத்துக்குள் வராவிட்டால் அண்ணை எனக்குப் போன் அடிப்பார். ஹோட்டல் ஒன்றின் விண்டோஸ் கணினியில் அறிக்கை எடுக்கும் ஸ்கிரிப்ட் மட்டும் இன்னும் தன் சொந்த நகலோடு கிடக்கிறது. அடுத்த வைகாசிக்கு முன் அதையும் எடுத்துவிட வேண்டும்.