ஈரி ஏரிக்கரையில் ஒரு டிசம்பர் ஞாயிறு

கிளீவ்லாந்து என்றவுடன் கர்நாடக இசை ரசிகர்களுக்கு, 1978 முதல் ஆண்டுதோறும் அங்கு நடைபெற்றுவரும் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். நானும் முதன்முதலில் அதற்காகவே அந்த ஊருக்குப் போனேன். ஆனால் 2017 டிசம்பர் 10 அன்று கொலம்பஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கார் ஓட்டிக்கொண்டு மறுபடியும் அங்கே சென்றது, அந்த சீசனில் ஆடிய 12 ஆட்டங்களிலும் தோற்றிருந்த கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்ப்பதற்காக.

மைதானத்துக்குக் கிழக்கே, ரயில் பாதையை ஒட்டி மாநகராட்சியின் வாகன நிறுத்துமிடம் ஒன்று இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை முனி லாட் என்பார்கள். ஏரியிலிருந்து வீசிய காற்று காதை அறுக்கும் குளிரிலும், காலையிலேயே அங்கே அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. என் காருக்குப் பக்கத்தில் நின்ற வண்டியிலிருந்து ஒரு பெரியவர், மரச்சட்டங்கள் பதித்த பழைய இருக்கை ஒன்றைப் பேரனின் உதவியோடு இறக்கித் தரையில் நிறுத்தினார். இரும்புக் கால்களில் துரு ஏறியிருந்தது. முதுகுச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்த எண் பாதி உதிர்ந்து, 7 என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது 1995 டிசம்பர் 17 அன்று, பழைய மைதானத்தில் பிரவுன்ஸ் ஆடிய கடைசி ஆட்டத்தின்போது பெயர்த்தெடுக்கப்பட்ட இருக்கை என்றார்.

அந்த நாளைப் பற்றித் தெரியாமல் இந்த ஊரின் பொறுமையைப் புரிந்துகொள்ள முடியாது. 1995 நவம்பரில் அணியின் உரிமையாளர் ஆர்ட் மோடல், அணியை பால்டிமோர் நகருக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார். கடைசி ஆட்டத்தில் அணி வென்றபோதும் ரசிகர்கள் இருக்கைகளைப் பிடுங்கி வீசினார்கள். அணியின் பெயரையும் நிறங்களையும் வரலாற்றையும் நகரம் போராடித் தன்னிடமே வைத்துக்கொண்டது. மூன்று ஆண்டுகள் ஆட்டமே இல்லாமல் கழிந்த பின், 1999-ல் அதே ஏரிக்கரையில் புதிய மைதானமும் புதிய அணியும் வந்தன. "அந்த மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை" என்று பெரியவர் சொன்னபோது, அவர் குரலில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வலி ஆறாமல் இருந்தது.

இந்த சீசன் இப்படி ஆனதற்குக் களத்துக்கு வெளியே எடுத்த முடிவுகளே முதற்காரணம் என்பது என் எண்ணம். நிர்வாகம், கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தனக்குக் கிடைத்த முன்னுரிமை இடங்களைப் பிற அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, எதிர்காலத்துக்கென்று அதிக இடங்களைச் சேர்த்துக்கொண்டே போனது. அப்படிக் கைமாறிய இடங்களைக் கொண்டுதான் 2016-ல் பிலடெல்பியா கார்சன் வென்ட்ஸையும், 2017-ல் ஹூஸ்டன் டெஷான் வாட்சனையும் எடுத்தன. கிளீவ்லாந்தில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் பொறுப்பு, 21 வயதே ஆன டெஷோன் கைசரின் தோளில் ஏற்றப்பட்டது. போதாக்குறைக்கு, 2007 முதல் ஒரு தடவைகூடக் களத்தை விட்டு விலகாமல் தொடர்ந்து 10,363 ஸ்னாப் (பந்தை எடுத்துக் கொடுத்துத் தொடங்கும் ஒவ்வொரு ஆட்ட நகர்வும் ஒரு ஸ்னாப்) ஆடியிருந்த பிரவுன்ஸ் வீரர் ஜோ தாமஸ், அக்டோபரில் கைத்தசை கிழிந்து வெளியேறினார். நான் போவதற்கு மூன்று நாள் முன்னால் நிர்வாகத் தலைவர் சாஷி பிரவுனும் நீக்கப்பட்டிருந்தார்.

எதிரணி கிரீன் பே பேக்கர்ஸ். அவர்களுடைய குவாட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸ் காயத்தால் ஆடவில்லை. தொடக்கத்திலேயே பிரவுன்ஸின் ஜாஷ் கார்டன் பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய் டச் டவுன் அடித்தார். மூன்றாம் கால்பகுதி முடிவில் 21-7 என்று பிரவுன்ஸ் முன்னிலை. நான் அமர்ந்திருந்த, தீவிர ரசிகர்கள் கூடும் டாக் பவுண்ட் பகுதியில், நாய் முகமூடி அணிந்தவர்கள் குரைத்த சத்தத்தில் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பிறகு ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போனது. பேக்கர்ஸ் 21-14 என்று நெருங்கினார்கள். பிரவுன்ஸ் உதைத்தனுப்பிய ஒரு பந்தைப் பிடித்து அவர்களுடைய வீரர் 65 கெஜம் ஓடிவந்தார். ஆட்டம் முடிய 17 நொடிகள் இருக்கையில் 21-21 என்று சமமானது. கூடுதல் நேரத்தில், எதிரணி வீரர் பாய்ந்து அமுக்கும்போது கைசர் விட்டெறிந்த பந்து, திசையில்லாமல் மேலே எழும்பி மெதுவாக இறங்கியது. அது கீழே வரும் அந்தச் சில கணங்களில் எங்கள் வரிசையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. பந்து பேக்கர்ஸின் கைக்குப் போனது; அடுத்துச் சில நிமிடங்களில் அவர்களுடைய டாவன்டே ஆடம்ஸ் எல்லையைத் தொட, 27-21. பதின்மூன்றாவது தோல்வி.

ஆட்டமே தெரியாத அணி என்று பலரும் ஏளனம் செய்ததை நான் ஏற்கவில்லை. வெற்றியை வாசல்வரை கொண்டுவந்து அங்கே தவறவிடுகிற அணியைத்தான் நான் கண்டேன், அதுதான் பார்க்கிறவர்களை அதிகம் வதைக்கிறது. டிசம்பர் 31 அன்று பிட்ஸ்பர்க்கிலும் 28-24 என்று தோற்று, 16 ஆட்டங்களையும் இழந்த இரண்டாவது அணியாக, 2008-ன் டெட்ராய்ட் அணிக்குப் பக்கத்தில் பிரவுன்ஸ் இடம்பெற்றது.

முனி லாட்டுக்குத் திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பெரியவர் ஈரத்துணியால் இருக்கையின் சட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு, 1995-ன் அந்தக் கடைசி ஆட்டம் நடந்து சரியாக 22 ஆண்டுகள். எதிரே வரப்போவதோ இங்கிருந்து பால்டிமோருக்குப் போய் ரேவன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே அணி. "கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுங்கள், அன்றைக்கு இங்கே இடம் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, பேரனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி அவர் இருக்கையை வண்டியில் ஏற்றினார்.