இ.எச்.டி.யைப் பாட வைத்தேன்

நீள நீளமாக மின்பொறி வீசும் ஹைவோல்டேஜ் கருவியான டெஸ்லா காயில் பாடும் வீடியோக்களை உற்றுக் கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் மெட்டு இருக்கும், குரல் இருக்காது. பொறி நொடிக்கு 440 முறை வெட்டினால் காதுக்கு அது ஒரு சுரம், 880 முறை என்றால் அதே சுரம் அடுத்த ஸ்தாயியில். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை இப்படி விட்டு விட்டுத் தரும் பகுதிதான் இன்டரப்டர். பழைய விளையாட்டு கீபோர்டு மாதிரி ஒலிக்கும்.

எனக்கு வேண்டியது குரல். அதற்குப் பொறி நிற்காமல் எரிந்தபடி பாட்டுக்கேற்பப் பருத்து மெலிய வேண்டும். காயிலில் கை வைப்பதற்கு முன், சின்ன ஹைவோல்டேஜ் சப்ளை ஒன்றில் இதைப் பழகிவிடலாம் என்று தோன்றியது. அதற்கு எடுத்துக்கொண்டதுதான் இ.எச்.டி., பழைய டிவிகளில் பிக்சர் டியூபுக்கு ஹைவோல்டேஜ் தரும் டிரான்ஸ்பார்மர். புது யோசனை ஒன்றும் இல்லை. லண்டனில் வில்லியம் டடெல் 1900இலேயே இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் ஆர்க்கோடு கீபோர்டு கட்டைகளை இணைத்துப் பாட்டு வாசித்துக் காட்டிவிட்டார்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, பொறியைப் பாட்டுக்கேற்ப ஆட்டி வைக்க (இதுதான் மாடுலேஷன்) ஆடியோவை எங்கே நுழைப்பது என்பது. பழைய ரேடியோ டிரான்ஸ்மிட்டர் முறையில் சப்ளை வரும் வழியிலேயே ஒரு மாடுலேஷன் டிரான்ஸ்பார்மரைத் தொடராகப் போடலாம். ஆனால் முழு அளவில் மாடுலேட் செய்ய, சப்ளை இழுக்கும் பவரில் பாதியை ஆம்ப்ளிஃபையர் தர வேண்டும். போதாததற்கு, டிசி கரண்ட் அந்த டிரான்ஸ்பார்மரின் சுற்று வழியாகவே போவதால் கோர் சாச்சுரேட் ஆகும், அதாவது அதற்கு மேல் காந்தம் ஏற்காது. அந்த வம்பே வேண்டாம் என்று டிஎல்494 ஐசி பக்கம் போனேன். கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளில் காலம் காலமாக இருந்த சில்லு, சென்னை ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும். அது தரும் துடிப்புகள் மாஸ்பெட் என்ற சுவிட்சை இயக்கும், மாஸ்பெட் இ.எச்.டி.க்கு மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும். துடிப்பு அகலமானால் பொறி பருக்கும்.

டைமிங்குக்கு 1 நானோஃபாரட், 22 கிலோ ஓம். ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸ் வந்தது, அது காதுக்குக் கேட்காது. 13ஆம் கால் கிரவுண்டுக்கு, வெளியீட்டைத் தானாகச் சரிசெய்யப் பார்க்கும் இரண்டு எர்ரர் ஆம்ப்களும் வேலை செய்யாதபடி கட்டிப் போட்டாயிற்று. விஷயமெல்லாம் 4ஆம் காலில் இருக்கிறது. டெட் டைமுக்கான (துடிப்பில்லாத இடைவெளிக்கான) அந்தக் காலில் 0 வோல்ட் வைத்தால் துடிப்பு முழு அகலம், 3.3 வோல்ட்டுக்கு அருகே போனால் துடிப்பே இல்லை. 14ஆம் காலின் 5 வோல்ட்டிலிருந்து ஒரு பிரீசெட் (திருகிச் சரிசெய்யும் சின்ன ரெசிஸ்டர்) வழியே நடுவில் ஓர் அளவை நிறுத்தி, ஒரு கெபாசிட்டர் மூலம் ஆடியோவை அங்கேயே விட்டேன். அவ்வளவுதான் மாடுலேஷன். இந்தப் பக்கம் ஒரு வோல்ட் ஆடினால் அந்தப் பக்கம் பொறி ஆடுகிறது.

பிரீசெட்டைக் காதால்தான் வைக்க முடிந்தது. பாட்டு ஓடாதபோதும் பொறி நடுத்தரமாக எரிந்துகொண்டிருக்க வேண்டும். துடிப்பின் அகலத்தைக் குறைவாக வைத்தால் மெல்லிய இடங்களில் அணைந்துபோகும், கூட்டினால் இ.எச்.டி.யின் ஃபெரைட் கோர் சாச்சுரேட் ஆகி குரல் கரகரக்கும், மாஸ்பெட் கொதிக்கும். வால்யூமையும் அடக்கித்தான் வைக்க வேண்டும்.

இ.எச்.டி. பழைய டிவி மெக்கானிக் ஒருவரிடம் வாங்கியது. அதன் ஃபெரைட்டில் தடித்த ஒயரைச் சில சுற்று சுற்றியதுதான் பிரைமரி. மாஸ்பெட்டுக்கு 200 வோல்ட் தாங்கும் ஐஆர்எஃப்பி250ஐப் போட்டு, கூடவே வோல்டேஜ் எழும்பலை உறிஞ்சும் ஸ்னப்பரும் வைத்தேன். ஸ்னப்பர் இல்லையென்றால், அணையும் ஒவ்வொரு முறையும் எழும்பும் வோல்டேஜ் மாஸ்பெட்டைத் தின்றுவிடும். போனை ஒயரால் இணைக்கவே இல்லை. தனி பேட்டரியில் ஓடும் ப்ளூடூத் போர்டு ஒன்றைத் தகர டப்பாவுக்குள் வைத்தேன். டப்பா மூடி திறந்திருந்தால் பொறி பிடிக்கும் கணத்தில் ப்ளூடூத் துண்டித்துக்கொள்ளும்.

ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் ஊதா நிறத்தில் ஒரு சின்னக் கோடு, சூட்டில் மேல்நோக்கி வளைந்து நிற்கிறது. அதிலிருந்து குரல் வருகிறது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக! ஆட வேண்டிய கோன் எதுவும் இல்லை, காற்றே சூடாகி விரிந்து சுருங்குகிறது. அதனால் உச்ச சுரங்கள் கூர்மையாக இருக்கின்றன. அடிச் சுரம் மட்டும் அறவே இல்லை. மிருதங்கத்தில் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. புல்லாங்குழலுக்கு ரொம்பப் பொருத்தம்.

ஓசோன் நாற்றம் தாராளமாக வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆனால் மின்விசிறி போட்டால் பொறி அணைந்துவிடும். சப்ளையைப் பிடுங்கி, வெளியீட்டை காப்பிட்ட பிடியுள்ள ஒயரால் கிரவுண்டுக்குத் தொட்டு எடுக்காமல் கையை அருகே கொண்டு போகாதீர்கள். பாடுகிறது என்பதால் அது சாதுவாகிவிடாது.

அப்புறம் காயில். இதே டிஎல்494 சிக்னலை, காயிலின் மாஸ்பெட்டுகளை இயக்கும் கேட் டிரைவரின் எனேபிள் காலுக்குக் கொடுத்தேன். குரல் வந்தது, கூடவே 100 ஹெர்ட்ஸ் ஹம்மும் வந்தது. 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்து டிசியாக்கிய இடத்தில் ஃபில்டர் போதவில்லை. கெபாசிட்டரைப் பெரிதாக்கியதும் ஹம் அடங்கியது, ஆனால் வாள் போல நீண்டிருந்த பொறி குட்டையாகிப் புதர் போலாயிற்று. தொடர்ந்து ஓடுவதால் மாஸ்பெட் சூடும் ஏறுகிறது. நீளத்தை விட்டுக் குரலை வைத்துக்கொண்டேன். ஹீட்சிங்க்குக்கு ஒரு சின்ன ஃபேன், அதன் காற்று பொறிப் பக்கம் போகாதபடி குறுக்கே ஒரு அட்டை.