வீராம்பட்டினம் மணலில் குல்மார்க் பனிக்கு ஒத்திகை

பிப்ரவரியில் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போகிறோம். கேபிள் காரில் ஏறி, மேலே நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கும் பயணம் இல்லை இது. ஆள் நடமாட்டம் இல்லாத சரிவுகளில் ஸ்கீ போட்டு நாமே நடந்து ஏறி, ஏறிய மலையைச் சறுக்கி இறங்குவது. நானும் என் சித்தப்பா மகனும் போகிறோம். அவன் பிறந்தது முத்தியால்பேட்டையில், வளர்ந்தது பிரான்சில், கிரனோபிள் நகரத்தில். எனக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தது குல்மார்க்கிலேயே உள்ள அரசுப் பயிற்சி நிலையம். கூட வரும் கைடு பாராமுல்லா மாவட்டத்துக்காரர், அந்த மலையடியிலேயே வளர்ந்தவர்.

என்னுடையது ஸ்கீ. தம்பியுடையது ஸ்பிளிட்போர்டு. அந்தப் பலகை நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். ஏறும்போது காலுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடக்கலாம், உச்சியில் இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் ஒரே பலகையாகிவிடும். பனியில் வழுக்காமல் ஏறுவதற்கு அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் ஒரே திசையில் சாய்ந்த மயிர். காலை முன்னே தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், பின்னே இழுத்தால் பிடித்துக்கொள்ளும். ஒரு காலத்தில் சீல் தோலில் செய்தார்கள், இப்போது ஆட்டு மயிரும் நைலானும்.

விஷயம் தெரிந்த எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "கைடு இருக்காரே, அப்புறம் என்ன பயம்?" நானும் தம்பியும் கைடிடம் முதன்முறை போனில் பேசியபோது அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு. பனிச்சரிவில் நான் புதைந்துவிட்டால் என்னைத் தோண்டி எடுக்க உங்கள் இரண்டு பேருக்கும் தெரியுமா என்று கேட்டார். கற்றுக்கொண்டு வருகிறோம் என்றேன். அப்படியானால் சரி, பேசலாம் என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பனியில் புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அதைத் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது, அரை மணி நேரத்துக்குப் பிறகு பிழைப்பவர்கள் குறைவு. ஊரிலிருந்து மீட்புக் குழு எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் அந்த 15 நிமிடத்தில் வந்து சேர முடியாது. பக்கத்தில் நிற்பவர்கள்தான் மீட்புக் குழு. கைடுக்குப் பணம் கொடுத்துவிட்டதால் அந்தப் பொறுப்பு நம்மைவிட்டுப் போய்விடாது.

அதனால் ஆளுக்கு மூன்று பொருள்கள் கட்டாயம். பீக்கன், மடக்கி நீட்டும் புரோப் கம்பி, கைப்பிடி கழற்றும் மண்வாரி. பீக்கனை மேல்சட்டைக்கு உள்ளே உடம்போடு கட்டிக்கொள்கிறோம். அது நாள் முழுக்க 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். எந்தக் கம்பெனியின் பீக்கனாக இருந்தாலும் அலைவரிசை இதுதான், உலகம் முழுக்க. யாராவது புதைந்தால் மற்ற எல்லோரும் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றியாக வேண்டும். ஒருவர் மறந்தாலும் தேடுபவர் அவரை நோக்கியே வந்து நிற்பார்.

தம்பி டிசம்பரிலேயே வந்துவிட்டான். புதுச்சேரியில் பனிக்கு எங்கே போவது? மணல் இருக்கிறதே என்றான். ஞாயிறு விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வீராம்பட்டினம் போனோம். ஒரு பீக்கனை டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி, பழைய தலையணையோடு சேர்த்துக் கோணிப்பையில் கட்டி, அலை தொடாத மணலில் முழங்கால் ஆழத்துக்கு அவன் புதைத்துவிட்டு வந்தான். நான் திரும்பி நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் ஓட்டம்தான்.

தேடும் பீக்கனின் திரையில் தெரியும் அம்புக்குறி நேராகக் கூட்டிப்போவதில்லை. சிக்னல் வளைந்து வருவதால் நம்மையும் வளைந்தே நடக்க வைக்கிறது. திரையில் தூரத்தை மீட்டரில் காட்டும் எண் 3-க்குக் கீழே வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, மண்டியிட்டு, பீக்கனைத் தரையை ஒட்டிப் பிடித்து, முதலில் முன்னும் பின்னும், அடுத்து இடமும் வலமும் மெதுவாக நகர்த்த வேண்டும். எண் எங்கே மிகக் குறைகிறதோ அங்கே புரோப்பைக் குத்தி, அந்தப் புள்ளியிலிருந்து சுருளாக, 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து. தலையணையில் பட்டதும் கைக்கு உடனே தெரிந்துவிடுகிறது, வெறும் மணல் அப்படி மெத்தென்று இருப்பதில்லை. பட்ட கம்பியை எடுக்கவே கூடாது, அது நட்ட இடத்தில்தான் தோண்ட வேண்டும்.

வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, மோதிரம் கீதிரம் தொலைஞ்சிடுச்சா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து வந்து என் கையிலிருந்த மண்வாரியை வாங்கிக்கொண்டார். "நேரா கீழ தோண்டாதீங்க. தள்ளி நின்னு பக்கவாட்டுல இருந்து வாங்க. இல்லன்னா மேல இருக்கிறது சரிஞ்சு உள்ளயேதான் விழும்." பனிச்சரிவு மீட்புப் பயிற்சியில் சொல்லித்தருவதும் இதுவேதான். கம்பிக்கு நேர் மேலே நின்று தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று உள்நோக்கிக் குடைந்து போக வேண்டும். புதைந்தவர் மூச்சுக்காக வைத்திருக்கும் கொஞ்ச இடத்தை நாம் மிதித்து மூடிவிடக் கூடாது. மெலிதாகக் கொட்டும் பனி, சரிந்து வந்து நின்றதும் இறுகிப்போகிறது. கையால் தோண்டவே முடியாது. ஈர மணலில் பழகியதில் கைக்கு அந்தக் கனம் புரிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். தோண்டிய குழிகளையெல்லாம் மூடிவிட்டுத்தான் கிளம்புவோம். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வரும். அதற்குள் தோண்டும் பயிற்சியை முடித்துவிடுவது என்று முதலிலேயே பேசிவைத்திருக்கிறோம்.

உடம்பைத் தயார் செய்ய செஞ்சி. நம் ஊர் தட்டை. உப்பளம் ஸ்டேடியம் படிக்கட்டில் ஏறி இறங்குவது வார நாட்களுக்குப் போதும், மலைக்கு மலைதான் வேண்டும். புதுச்சேரியிலிருந்து 70 கிலோமீட்டர் சுமாரில் ராஜகிரி நிற்கிறது, 800 அடி உயரம். கைடு சொன்ன கணக்குப்படி ஒரு நாளில் 800 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். ராஜகிரியை மூன்று தரம் ஏறினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். முதுகில் தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் ஏறினோம். அந்த வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் கடினம், கால் தானாகவே வேகமாகப் போகப் பார்க்கும். உச்சிக்கு முன்னால் பிளவின் மேல் போட்டிருக்கும் பாலத்தில் நின்று கீழே பார்த்தபோது, 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை இது என்று தம்பிக்குச் சொன்னேன். இறங்கும்போது தொடை நடுங்கியது. சறுக்கி இறங்குவதற்கு வேலை செய்யப்போவதும் அதே தசைதான்.

குளிரைத்தான் இங்கே பழக முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் இறால் வைக்கும் குளிர் கிடங்கில் மாமாவுக்குத் தெரிந்தவர் இருக்கிறார். மைனஸ் 18 டிகிரி. அனுமதி வாங்கி உள்ளே போய், கையுறையைக் கழற்றாமலே எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். பூட்ஸ் கொக்கி, ஸ்கின்னை உரித்து மறுபடி ஒட்டுவது, பீக்கனை மாற்றுவது. என் தடித்த கையுறையால் பீக்கனின் பொத்தானை நகர்த்த முடியவில்லை. அன்று மாலையே உள்ளே போடும் மெல்லிய கையுறை ஒரு ஜோடி வாங்கினேன். பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம், உள்பனியன் உட்பட. வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு, நின்றதும் உடம்பைக் குளிரவைத்துவிடும். கம்பளி அல்லது செயற்கை இழைதான்.

பனி நிலவரத்தைப் படிக்கவும் கற்றுக்கொண்டு வருகிறோம். 'தானே', 'பெஞ்சல்' புயல்கள் இரண்டையும் பார்த்த கடற்கரைக்காரர்களுக்கு அது புரியாத விஷயம் இல்லை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எண்ணைக் கேட்டுத்தானே படகு எடுக்கிறார்கள்? பனிச்சரிவு அபாயத்துக்கும் அப்படி 1 முதல் 5 வரை எண் உண்டு. ஆனால் அதிக உயிர்கள் போவது 5 ஏற்றிய நாளில் இல்லை, அன்று யாரும் போவதில்லை. 3 என்று சொன்ன நாளில்தான். பனிமழை ஓய்ந்து, வானம் நீலமாகி, போய்த்தான் பார்க்கலாமே என்று தோன்றுகிற நாள் அது. புதுப்பனி கீழ்ப்பனியோடு இன்னும் ஒட்டியிருக்காது. 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஒருவர் கால் வைத்ததும் மொத்தமாகப் பெயர்ந்து வரும். பெரும்பாலும் சரிவைக் கிளப்புவது அதில் சிக்குபவரோ அவரோடு வந்தவரோதான்.

ஆகவே கைடு திரும்பலாம் என்றால் காரணம் கேட்போம், தர்க்கம் செய்ய மாட்டோம். கேபிள் கார் ஏறத்தாழ 4,000 மீட்டர் வரை போகிறது என்பதற்காக முதல் நாளே மேலே போகப்போவதும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து கிளம்பி 2,650 மீட்டரில் தூங்குவதே உடம்புக்கு ஒரு வேலை. முதல் இரண்டு நாள் பாபா ரேஷி பக்கம், மரங்களுக்கு நடுவே. வானிலை எப்படி இருந்தாலும் அங்கே ஏதாவது செய்யலாம் என்கிறார் கைடு.

தம்பி பிரான்சில் மலைக்குப் போகும்போதெல்லாம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்று வைத்திருப்பான். இந்தியாவுக்கு அதைக் கொண்டுவராதே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள், வெளிநாட்டுப் பயணிகள் மாட்டியிருக்கிறார்கள். நம் ஊர் பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பாதை விலகிய பனிச்சறுக்கையும் உயர மலை மீட்பையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. சிறிய எழுத்தில் இருக்கும் விலக்குகளை வரி விடாமல் படித்து, எங்களுடையதை மாற்றி எடுத்தோம்.

டிசம்பர் முடியும்வரை ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு வீராம்பட்டினத்தில் இருப்போம். புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து இந்தக் குளிர்காலத்தில் பனி மலைக்குக் கிளம்புகிறவர்கள் யாராக இருந்தாலும் வாருங்கள். உபரியாக ஒரு பீக்கன் இருக்கிறது. மண்வாரி மட்டும் கொண்டுவந்தால் போதும்.